ஒரு வீடு, இரண்டு ரவுட்டர்

மேல்மாடி
ஜூன் 3

சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தை மாடிப்படி நடுவிலுள்ள கம்பிக் கதவில் செருகி வைக்கிறேன். போனில் சொன்னால் உன்னோடு பேசியதாகிவிடும். எழுதினால் ஆகாது.

போன மாதம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் என் போனில் நெட் இல்லை. பாஸ்வேர்டு தவறு என்கிறது. இந்த வயதில் ஒரு போன் என்னைத் தவறு என்று சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. கீழே இறங்கி வந்து உன்னைக் கேட்டேன். நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "மாத்திட்டேன்க்கா. நீங்க தனியா ஒண்ணு போட்டுக்குங்க" என்றாய். அண்ணனும் தம்பியுமாக நம் வீட்டுக்காரர்கள் சேர்ந்து போட்ட இணைப்பு அது. சுவரில் துளை போட்டு மேலுக்கும் கீழுக்கும் வயர் இழுத்தபோது இரண்டு பேரும் தலையெல்லாம் சுண்ணாம்பாக நின்றது உனக்கு மறந்திருக்கலாம். உன்னவருக்குப் பின்னால் என்னவரும் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, என்னை நெட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டாய். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடி நடக்கிறேன்.

இப்போது தெரிவிக்க வந்தது இதுதான். எனக்கென்று தனி இணைப்பு நேற்று வந்துவிட்டது. ரவுட்டரை நானே பொருத்தினேன். இணைப்புக்காரர், "நான் பண்ணித் தரேம்மா" என்றார். வேண்டாம், கையேடு இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து படித்து, பின்புறத்தில் துளைகளைத் துடைத்து, எதுவும் காலியாக வாயைப் பிளந்துகொண்டிருக்காமல் வயர்களை ஒழுங்காகச் செருகி முடித்தேன். ரவுட்டர் பெட்டி பார்க்க மொட்டையாக இருந்ததால் லேஸ் துணி ஒன்றும் போர்த்தியிருக்கிறேன்.

உனக்கு இனி என்னால் தொந்தரவு இல்லை.

அக்கா

---

கீழ்வீடு
ஜூன் 4

அன்புள்ள அக்கா,

உங்கள் வைஃபையின் பெயர் என் போனிலும் தெரிகிறது. "மேல்மாடி, அந்நியருக்கு அனுமதி இல்லை." தெருவில் போகிறவர்கள் எல்லாம் படித்திருப்பார்கள். பரவாயில்லை, எழுத்துப் பிழை இல்லாமல் திட்டியிருக்கிறீர்கள்.

பாஸ்வேர்டை மாற்றிய அன்று விஷயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்கள் அதற்குள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று படியேறிவிட்டீர்கள். இப்போது எழுதுகிறேன். எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன நோயாளிகள் சந்தேகம் கேட்டுக் கூப்பிடுவார்கள். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பதில் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் வார்டில் நின்ற கால் இது, உட்கார்ந்து செய்கிற நர்ஸ் வேலை என்றதும் பிடித்துக்கொண்டேன். நோயாளிகளின் விஷயம் என்பதால் லைனை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் மாற்றினேன்.

ஜூன் 15 வரை சோதனைக் காலம். அதில் தேறினால் இங்கேயே இருப்பேன். தேறாவிட்டால் கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் நல்லவள்தான். ஆனால் அங்கே எனக்கென்று ஒதுக்கியிருப்பது ஹாலில் ஒரு சோபா. அதிலும் பகலில் மற்றவர்கள் உட்காருவார்கள்.

இப்போது என் கவலை என்னவென்றால், முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து லைன் விட்டு விட்டு வருகிறது. நீங்கள் எதையாவது தொட்டீர்களா?

சின்னவள்

---

மேல்மாடி
ஜூன் 5

சின்னவளுக்கு,

வேலை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டேன். பேசியிருப்பேன், சத்தம் மட்டும் குறைந்திருக்கும்.

நான் எதையும் தொடவில்லை. உன்னுடையது உன் கம்பெனி இணைப்பு, என்னுடையது என் கம்பெனி இணைப்பு. நடுவில் கான்கிரீட் தளம் இருக்கிறது. என் பெட்டி தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்து உன் அழைப்பை அறுக்கிறது என்றால் அதற்கு இறக்கை முளைத்திருக்க வேண்டும்.

என்னுடையதும் ஒன்றும் சொர்க்கமாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷப்பட்டுக்கொள். நேற்று மகன் கூப்பிட்டான். பேச ஆரம்பித்ததும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டான். பல் டாக்டரிடம் காட்டுவது மாதிரி. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. கையேட்டின் பதினெட்டாம் பக்கத்தில் பெட்டியை எதனாலும் மூடக் கூடாது என்று இருக்கிறது. பதினெட்டாம் பக்கத்தில் சொல்வதை முதல் பக்கத்தில் சொல்ல வேண்டாமா? லேஸை எடுத்துவிட்டேன். சூடு தணிந்தது. மகன் மட்டும் இன்னும் வாயை மூடவில்லை.

உன் பெட்டியை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போடு. வயர்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார். மைக்ரோவேவ் பக்கத்தில் வைக்காதே. கேட்காமலேயே சொல்கிறேன்.

சோபாவைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் படித்தேன்.

அக்கா

---

கீழ்வீடு
ஜூன் 7

அக்கா,

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். மைக்ரோவேவே இல்லை என்னிடம், இருந்தால் அதையும் தள்ளி வைத்திருப்பேன்.

நேற்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். தையல் போட்ட இடத்தில் ஈரமாக இருக்கிறது என்கிறார். "எந்தப் பக்கம் ஐயா, சிவந்திருக்கா, சுடுதா?" என்று கேட்கிறேன். அவர், "சிவந்து…" என்றதோடு லைன் போய்விட்டது. மூன்று தரம் போட்டுத்தான் திரும்ப அவரைப் பிடித்தேன். நல்ல வேளை, ஒன்றும் இல்லை. சட்டை உரசியிருக்கிறது. ஆனால் சூப்பர்வைசர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க அனுபவத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா பாதியில நிக்கிற ஆளை நாங்க எப்படி வெச்சுக்கிறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

நெட் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். அவர் இருந்த வரை அருமையாக ஓடியது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற நோயாளி மாதிரி. அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் விளக்கு சிவப்பு.

இன்று மதியம் கீழே பேச்சுக் குரல் கேட்டிருக்கும். என் மகள் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தாள். வீடு பார்க்கத்தானாம், வேறொன்றும் இல்லையாம். அவர்கள் டேப் எடுத்து ஹாலை அளந்தார்கள். "உங்க தலைக்கு மேல யார் இருக்காங்க? சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டார்கள். "மாட்டாங்க, இப்பல்லாம் பேசறதே இல்ல" என்றேன்.

ஒரே ஒரு யோசனை. உங்கள் பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள், நான் கீழே பார்க்கிறேன். அப்புறம் போடுங்கள், மறுபடி பார்க்கிறேன். சந்தேகம் தீர்ந்துவிடும்.

சின்னவள்

---

மேல்மாடி
ஜூன் 8

சின்னவளுக்கு,

என் பெட்டி நிரபராதி என்று நிரூபிப்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நாளைக் காலை, நீ பாத்திரம் கழுவி முடித்த பிறகு. உன் குழாய்ச் சத்தம் நின்றால் எனக்குத் தெரியும். நான் அணைத்ததும் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. போட்டதும் இரண்டு தட்டு. நீ பார்த்து முடித்ததும் துடைப்பக் கட்டையால் மேலே ஒரு தட்டு. ஜன்னலில் நின்று கத்தக் கூடாது. தெருவுக்கு வேடிக்கை காட்ட நான் தயாரில்லை.

அந்தக் குடும்பத்தில் குழந்தைகள் உண்டா? பந்து விளையாடுவார்களா? சும்மா கேட்டேன். உனக்குப் பிறகு கீழே வருகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.

அவர்கள் அளந்தது எனக்குக் கேட்டது. டேப் சுருட்டிக்கொள்கிற சத்தம் மேலே வரை வருகிறது.

அக்கா

---

கீழ்வீடு
ஜூன் 9

அக்கா,

உங்கள் ஒரு தட்டுக்கு என் லைன் உயிர் வந்து எழுந்தது. இரண்டு தட்டுக்கு மூச்சு நின்றது. நான்கு தரம் பார்த்தோம், நான்கு தரமும் அப்படியேதான். ஐந்தாவது தரம் நீங்கள் தட்டியது கோபத்தில் என்று நினைக்கிறேன். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

எனக்குச் சண்டை வேண்டாம். உங்கள் வீட்டில் உங்கள் பெட்டியை அணைத்து வையுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. மகனோடு பேச உங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான் என்று தெரியும். எனக்கும் பிழைக்க இருப்பது இது ஒன்றுதான். என்ன செய்வது என்று புரியவில்லை. ஹாலில் போய் நிற்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி போய் நிற்கிறேன்.

வேலை நேரத்தில் மட்டுமாவது அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டு எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். பிறகு இங்கேயே எழுதிவிட்டேன், பாருங்கள்.

சின்னவள்

---

மேல்மாடி
ஜூன் 10

சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் மகளுக்குக் காட்டாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் பெட்டியை அணைத்தேன். இரவு முழுக்க அணைந்தே இருந்தது. தூக்கம் வராததால் கையேட்டை மறுபடி எடுத்தேன். சிறிய எழுத்தில் இருந்ததால் அன்று தாண்டிப்போன ஒரு பகுதி. சிறிய எழுத்தைத் தாண்டிப் போனதே என் முதல் குற்றம். நான் படித்த கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் அதற்கு முட்டி போட வைப்பார்கள்.

அதில் எழுதியிருப்பது இது. வீட்டிலுள்ள போன், கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண் இருந்தால்தான் அதற்கு வெளியே போக வழி. இரண்டு ரவுட்டர்களை ஒரே வயரில் சேர்த்துவிட்டால், யார் எண் கொடுப்பது என்று இரண்டும் போட்டி போடும். உன் கம்ப்யூட்டர் எண் கேட்கும்போது சில நேரம் உன் பெட்டி பதில் சொல்கிறது, சில நேரம் என் பெட்டி முந்திக்கொள்கிறது. அது பாதி வழியில் நின்று விழிக்கிறது. என் மகன் வாயைத் திறந்து நின்றதும் இதனால்தான்.

இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்று கேட்பாய். நம் வீட்டுக்காரர்கள் சுவரில் இழுத்த அந்தப் பழைய வயர். அதன் மறுமுனை இன்னும் உன் பெட்டியில் இருக்கிறது. இந்த முனை என் அலமாரி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டியில் துளை காலியாக இருந்தது, வயர் சும்மா தொங்கியது. ஒழுங்காக இருக்கட்டும் என்று செருகினேன். எந்தத் துளையையும் காலியாக விடக் கூடாது என்று கையேட்டில் எங்கும் இல்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்ட விதி.

வயரைப் பிடுங்கிவிட்டேன். அந்த நோயாளிப் பெரியவரின் அழைப்பை அறுத்தது நான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீ எழுதியிருந்தாய், அந்த வரியை மறுபடி பார்த்துக்கொண்டேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. உடனே எழுது.

அக்கா

---

கீழ்வீடு
ஜூன் 12

அக்கா,

உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு அழைப்புகூட அறுபடவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துக் கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன். "துளை காலியாக இருந்தது" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் அலமாரியைத் திறந்து, காலியாக இருந்த தட்டில் உங்கள் புடவைகளை அடுக்கிவிட்டுப் போன ஆள்தானே நீங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எதற்குப் பாஸ்வேர்டை மாற்றினாய் என்று நீங்கள் ஏன் கேட்கவே இல்லை? "என்ன விஷயம்டி?" என்று ஒரு வார்த்தை. அன்று நான் உங்கள் பின்னாலேயே கம்பிக் கதவு வரை வந்தேன். பூட்டிக்கொண்டீர்கள். பூட்டு உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

முதல் வாரத்தில் விழுந்த அடியால் சூப்பர்வைசர் அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. 15-ஆம் தேதி பதினோரு மணியிலிருந்து அவரே கூட இருந்து கேட்பாராம். அன்று ஒழுங்காக நடந்தால்தான் வேலை. அளந்துவிட்டுப் போன குடும்பம் பதில் கேட்டு மகளை நச்சரிக்கிறது. குழந்தைகள் உண்டு. பந்து தெரியவில்லை. தபேலா வாசிக்கிற பையன் ஒருவன் இருக்கிறானாம்.

சின்னவள்

---

கீழ்வீடு
ஜூன் 15, காலை

அக்கா,

தெருவில் குழி தோண்டுகிறார்கள். என் கேபிளை அறுத்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் நாளைக்குத்தான் வர முடியும் என்கிறார்கள். செல்போன் சிக்னல் இங்கே ஜன்னல் கம்பியோடு நின்றுவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

சூப்பர்வைசர் அம்மாவிடம் நாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "மறுபடியும் லைனாம்மா?" என்றார். பதினோரு மணிக்கு லைனில் இருப்பேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உங்கள் லைன் வேறு கம்பெனி. அது ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

சின்னவள்

---

மேல்மாடி
ஜூன் 15, அப்போதே

சின்னவளுக்கு,

ஓடுகிறது.

கீழே சிக்னல் சரியாக எட்டாது. உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். நீ என் வாசலை மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னதே இல்லை. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு மேலே வா. கம்பிக் கதவைத் திறந்துவிட்டேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. நீ வந்ததும் நானே அடித்துத் தருகிறேன். திரும்பி நின்றுகொள்.

லைனில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றாயே. என் போனை அணைத்துவிட்டேன். மகன் இன்று கூப்பிடுகிற நாள். அடுத்த வாரம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ வரும்போது பேச்சுக் கொடுக்காதே. நேரமில்லை. சண்டைக்கும் நேரமில்லை, சமாதானத்துக்கும் நேரமில்லை.

அக்கா

---

மேல்மாடி, சாப்பாட்டு மேசை
ஜூன் 15

அக்கா, காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் எழுதி நீட்டுகிறேன். லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் பெருமூச்சுச் சத்தம் கேட்கிறதாம்.

---

அது பெருமூச்சு இல்லை. காப்பி ஆற்றினேன். உனக்குத்தான். நிறுத்திவிட்டேன்.

---

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டார். யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. யாருமில்லை என்று சொல்லிவிட்டேன். முறைக்காதீர்கள். அடுத்த அழைப்பு வருகிறது.

---

என் வீட்டில், என் மேசையில், நான் யாருமில்லையா? அதுவும் பொய். நான் இருக்கிற அறையில் பொய் சொல்ல விட மாட்டேன். பால்கனிக்குப் போகிறேன். இனி நீ சொன்னது உண்மை.

---

பால்கனி

இதை ஜன்னல் வழியாகப் போடுகிறேன். கதவைச் சாத்தியதும் உள்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. தட்டினால் சத்தம் கேட்கும். தட்ட மாட்டேன். நீ வேலையைப் பார். இப்போது கூப்பிட்ட நோயாளி அம்மாளிடம் காய்ச்சலுக்கு மாத்திரை எப்போது சாப்பிட்டாள் என்று கேட்க மறந்துவிட்டாய்.

---

கேட்டேன். நீங்கள் ஜன்னலை விட்டு நகர்ந்த பிறகு கேட்டேன்.

முடிந்தது அக்கா. "நாளையிலிருந்து நீங்க எங்க ஆளு" என்றார். காதிலிருந்து கழற்றிவிட்டேன். மகளுக்கும் சொல்லிவிட்டேன், சோபாவில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்துக்கொள் என்று. தபேலாக் குடும்பத்துக்கும் அவளே சொல்லிக்கொள்வாள்.

தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன். திறந்தால் பேச வேண்டுமே. என்ன பேசுவது? யார் முதலில் ஆரம்பிப்பது? நீங்கள்தானே மூத்தவர்.

---

முதலில் கதவைத் திற. வெயில் மண்டையைப் பிளக்கிறது.